தோல் ஷாப்புக்குக் கீழே ஆற்றுத் தண்ணீர்: எந்தக் கருவி உதவும், எது காசுக்குப் பிடித்த கேடு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தென்பெண்ணை, பாம்பாறு, வாணியாறு கரையோர ஊர்களில் விவசாயிகள் சங்கமோ பள்ளியின் பசுமைப் படையோ ஊராட்சியோ தண்ணீர்ப் பரிசோதனைக்கென்று பணம் ஒதுக்கினால், முதலில் வாங்குவது குரோமியம் பட்டைதான் (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைத் தாள்). தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை என்றாலே குரோமியம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆன்லைனில் தேடினாலும் அதுவே முதலில் வந்து நிற்கிறது. நாங்கள் பார்த்தவரை கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. முதலில் வாங்க வேண்டியவை ஒரு மின்கடத்துதிறன் பேனாவும் குளோரைடு சொட்டுப் பாட்டிலும்.

நான்கு பொருள்களை எடுத்துக்கொண்டோம்: பேனா வடிவக் கருவிகள், ஊராட்சிக்குத் தரப்பட்டிருக்கும் களப் பரிசோதனைப் பெட்டி, குரோமியம் பட்டையும் சொட்டு மருந்தும், கடைசியாக ஆய்வகச் சேவை. நான்கையும் ஒரே கேள்வியால் அளந்தோம். ஆற்றோட்டத்தில் ஆலைக்கு மேலே எடுத்த தண்ணீருக்கும் கீழே எடுத்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை இது நம்பும்படி காட்டுமா? பிராண்டு பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஒரே பேனாவைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள். பெயரைச் சொல்லிப் பயனில்லை.

ஆலையில் இருந்து என்ன வெளியே வரும் என்று தெரியாமல் கருவி வாங்க முடியாது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் வருகிறது. அதை ஊறவைத்து அலசும் முதல் தண்ணீரிலேயே ஏராளமான உப்பு இறங்கிவிடும். அடுத்து முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். இந்தத் தண்ணீரின் பிஎச் 12 வரை போகும், அழுகிய முட்டை வாடை இதில்தான். பிறகு சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் சல்ஃபேட். பிறகு கந்தக அமிலமும் மறுபடியும் உப்பும் சேர்த்து ஊறல். அதற்குப் பின்தான் குரோமியம் உப்பு. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டைச் சாறு கொண்டு பதனிடும் ஷாப்பு என்றால் குரோமியம் கிடையாது, பழுப்புத் தண்ணீர்தான் வரும். ஆக, குரோமியத்தை மட்டும் தேடிப் போனால் மரப்பட்டைப் பதன ஷாப்பு முழுக்கவே கண்ணில் படாமல் போய்விடும். உப்போ இரண்டு வகையிலும் வரும்.

உப்பை முன்னுக்கு வைக்க இன்னொரு காரணமும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு போட்டுக் கலக்கினால் குரோமியம் சேறாகப் படிந்துவிடும். கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கரைந்த உப்பு மட்டும் எதற்கும் மசியாது. அதைப் பிரிக்க ஆர்ஓவும், அதில் மிஞ்சும் அடர்நீரை வற்றவைக்கும் கொப்பரைகளும் வேண்டும். இரண்டும் மின்சாரத்தையும் பணத்தையும் தின்பவை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் கிணறுகள் கெட்டது பெரும்பாலும் இந்த உப்பால்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கோட்பாட்டை நிலைநாட்டிய வழக்கும் அந்தப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றியதே.

பேனாக்கள்

இசி பேனா தண்ணீரின் மின்கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸில் காட்டும்; கரைந்த உப்பு கூடக் கூட அந்த எண் ஏறும். டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) பேனா என்று விற்பதும் உள்ளுக்குள் அதையேதான் அளக்கிறது; அளந்ததை 0.5ஆலோ 0.7ஆலோ பெருக்கி ‘பிபிஎம்’ என்று திரையில் போடுகிறது. உங்கள் கையில் 0.5 பேனா, பக்கத்து ஊரார் கையில் 0.7 பேனா என்றால், 2000 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே வாளித் தண்ணீருக்கு ஒன்று 1000 என்கும், மற்றொன்று 1400 என்கும். இரண்டும் பழுதில்லை. இந்தச் சண்டையே வேண்டாம் என்றால் இசி நேரடியாகத் தெரியும் பேனாவை வாங்கி, எல்லோரும் மைக்ரோசீமென்ஸிலேயே எழுதுங்கள்.

சில நூறு ரூபாய் டிடிஎஸ் பேனாக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 999க்கு மேல் போனால் திரையின் மூலையில் ‘×10’ என்று பொடி எழுத்தில் வரும். 1250 என்பதை 125 என்றுதான் காட்டும். பத்தால் பெருக்குவது நம் பொறுப்பு. வெயிலில் அந்தப் பொடி எழுத்து தெரியாது. ஆலைக்குக் கீழே தண்ணீர் மேலே இருப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று யாராவது எழுதி வந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பநிலையும் கணக்கில் வரும். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். காலையில் 25 டிகிரியில் இருந்த ஆறு மே மாத மதியத்தில் 34 டிகிரிக்குப் போனால், உப்பு ஒரு துளி கூடாமலேயே அளவு 18 சதவீதம் ஏறிக் காட்டும். ஆகவே தானியங்கி வெப்பத் திருத்தம் உள்ள பேனாவைத்தான் வாங்க வேண்டும். அதிலும் நுனியை நனைத்தவுடன் எழுதிவிடாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். உணரி தண்ணீரின் சூட்டுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

அளவுதிருத்தத்துக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசல் பாக்கெட்டிலும் பாட்டிலிலும் கிடைக்கிறது. ஆற்றுக்குப் போகும் நாளெல்லாம் காலையில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் அடுத்த முறையில் இருந்து அந்தப் பாட்டிலே பொய் சொல்லும். கொழுப்பும் புரதமும் கலந்த தண்ணீரில் நனைத்த பேனாவின் முள்ளில் மெல்லிய படலம் படிந்து அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் ஆட்டி, சுத்த நீரில் அலசினால் சரியாகும். பிளேடால் சுரண்டினால் பேனா முடிந்தது.

கழிவு வாய்க்காலிலேயே நேராக அளந்தால் பல பேனாக்கள் எல்லை தாண்டிக் கை விரிக்கும். அப்போது ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் கலந்து அளந்து பத்தால் பெருக்கலாம். கலப்பதற்கு முன் அந்த டிஸ்டில்டு வாட்டரையே அளந்து பாருங்கள். 10 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் இதற்கு ஆகாது.

இனி கிடைத்த எண்ணை என்ன செய்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலைக்கு மேலே 900, கீழே 1500 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 600. சேர்ந்தது சோற்றுப்பாக இருந்தால் லிட்டருக்கு 1 மி.கி. உப்பு ஏறத்தாழ 2 மைக்ரோசீமென்ஸைக் கூட்டும். ஆக 300 மி.கி. உப்பு சேர்ந்திருக்கிறது. உப்பில் எடைக்கு 60 சதவீதம் குளோரைடு. எனவே கீழே குளோரைடு 180 மி.கி. அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். குளோரைடு சொட்டுப் பரிசோதனையும் அதையே சொன்னால் வந்தது உப்புத் தண்ணீர் என்று துணிந்து சொல்லலாம். இசி மட்டும் ஏறி, குளோரைடு ஏறவில்லை என்றால் வேறெங்கோ சுண்ணாம்போ சல்ஃபேட்டோ கலந்திருக்கிறது. வீட்டுச் சாக்கடையும் குளோரைடைக் கூட்டும், ஆனால் அதிலேயே சில பத்து மி.கி. கூடுவதுதான் வழக்கம், ஆற்றில் கலந்த பிறகு 180 கூட்ட அதனால் முடியாது. இந்த இரட்டைச் சோதனைக்காகத்தான் இவ்விரண்டையும் முதலில் வாங்கச் சொல்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எல்லைக் கோடுகள்: பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் மேல் எல்லை 2250 மைக்ரோசீமென்ஸ். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் குளோரைடு 250 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதி. ஆனால் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்கள் 2250 வரும்வரை காத்திருக்கக் கூடாது. மா உப்பைத் தாங்காத மரம். இலை நுனியும் ஓரமும் கருகத் தொடங்கினால் பேனாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கும் வாய்க்காலுக்கும் போக வேண்டியதுதான். தென்னை கொஞ்சம் தாங்கும்.

பிஎச் பேனாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6.86, 9.18 தூள் பாக்கெட்டுகளை வைத்துத் திருத்தி, நுனியை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைத்தால் ஓராண்டுக்கு மேல் உழைக்கும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு வைத்தால் சீக்கிரம் சாகும். ஆற்றில் கலந்தபின் பிஎச் பெரிதாக நகராது, ஆற்று நீரின் காரத்தன்மை அதைத் தாங்கிவிடும். கழிவு வாய்க்கால் வாயிலேயே அளந்தால்தான் சுண்ணாம்புத் தண்ணீரைப் பிடிக்க முடியும்.

ஊராட்சிப் பெட்டி

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தந்து கொடுக்கப்படும் களப் பரிசோதனைப் பெட்டி பல ஊராட்சிகளில் பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்கிறது. புதிதாக வாங்குவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, இரும்பு, நைட்ரேட், எஞ்சிய குளோரின் ஆகியவற்றுக்கான மருந்துகள் இருக்கும். குடிநீருக்காகச் செய்த பெட்டி. குரோமியமும் சல்ஃபைடும் இதில் கிடையாது. ஆனாலும் அந்தக் குளோரைடு பாட்டில் ஒன்றுக்காகவே இது நம் வேலைக்கு ஆகும்.

குழாயில் குறியிட்ட கோடு வரை தண்ணீர், அதில் பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு. தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகும். பிறகு சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் ஆட்ட வேண்டும். விழும் இடத்தில் செங்கல் நிறம் தோன்றி ஆட்டினால் மறையும். மறையாமல் நிற்கும் முதல் சொட்டோடு நிறுத்த வேண்டும். சொட்டுகளின் எண்ணிக்கையை அட்டையில் உள்ள எண்ணால் பெருக்கினால் குளோரைடு. பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிப்பது முக்கியம். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறி, அதே தண்ணீருக்கு இரண்டு பேர் இரண்டு விடை சொல்வார்கள். நாற்பது ஐம்பது சொட்டுக்கு மேல் போனால் மருந்தை வீணாக்காமல், தண்ணீரை ஐந்து மடங்கு டிஸ்டில்டு வாட்டரால் நீர்த்து மறுபடி தொடங்குங்கள்.

தோல் ஷாப்புத் தண்ணீரில் இந்தச் சோதனை இரண்டு இடத்தில் தடுக்கி விழும். ஒன்று பிஎச்: 7க்கும் 10க்கும் நடுவில் இருந்தால்தான் நிறமாற்றம் சரியாக வரும். மற்றொன்று சல்ஃபைடு: சில்வரோடு சேர்ந்து சாம்பலும் கறுப்புமாகக் கலங்கிவிடும், செங்கல் நிறம் கண்ணுக்கே தெரியாது. மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விட்டுச் சிறிது நேரம் வைத்தால் சல்ஃபைடு நீங்கும், பிறகு செய்யலாம். சில்வர் நைட்ரேட் கறுப்பு அல்லது பழுப்புப் பாட்டிலில் இருந்தால்தான் நிலைக்கும். விரலில் பட்டால் கறை நாள் கணக்கில் போகாது.

இதே பெட்டியில் பாக்டீரியா பார்க்க ஒரு குப்பி இருக்கும். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்துக் கறுத்தால் மலக்கிருமி இருக்கலாம் என்று பொருள். கிருமி உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் உள்ள இரும்போடு சேர்ந்துதான் அந்தக் கறுப்பு. தண்ணீரிலேயே சல்ஃபைடு இருந்தால் கிருமிக்கு வேலையே இல்லாமல் ஊற்றிய சில நிமிடங்களில் கறுத்துவிடும். அப்படிக் கறுத்ததை மலக்கிருமி என்று எழுதுவது தவறு. கிருமி வளர மணிக்கணக்கு ஆகும். விலை கொடுக்காமல் கிடைத்த சல்ஃபைடு சோதனை என்று வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபுளோரைடு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது பாறையில் இருந்து வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றில் ஃபுளோரைடு 1.5 மி.கி.யைத் தாண்டினால் பழியை ஷாப்பின் தலையில் போட முடியாது. புகார் மனுவில் அதைச் சேர்த்தால் மற்ற உண்மையான எண்களும் எடுபடாமல் போகும்.

சல்ஃபைடு காகிதம்

லெட் அசிடேட் காகிதம் விலை குறைவு, ஆயுள் நீளம், பேட்டரி வேண்டாம். வாங்கலாம். ஆனால் செய்முறை விளக்கத்தில் இல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் உயரமாக இருப்பதால் சல்ஃபைடு முழுக்கக் கரைந்தே கிடக்கும், வாயுவாக மேலே வராது. பாட்டில் வாயில் காகிதத்தைப் பிடித்துப் பார்த்து வெள்ளையாகவே இருக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். சிறு குழாயில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, வினிகர் சில சொட்டு விட்டு, நனைத்த காகிதத்தை வாயில் வைத்தால் பழுப்போ கறுப்போ தெரியும். அமிலம் விட்டதும் வருவது விஷ வாயு. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, 5 மி.லி.க்கு மேல் எடுக்காமல் செய்யுங்கள். மாதிரி எடுக்க என்று மூடிய தொட்டியிலோ சாக்கடையின் ஆள்நுழைக் குழியிலோ எந்தக் காரணத்துக்காகவும் தலையைக் கூட நுழைக்கக் கூடாது; ஓரிரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும் வாயு அது.

கரைந்த ஆக்சிஜன் கருவிகளில் மலிவானவற்றின் சவ்வு இந்தத் தண்ணீரில் அடிக்கடி கெடும். மருந்து விட்டுப் பார்க்கும் விங்க்லர் முறை நம்பகமானது. மாங்கனஸ் சல்ஃபேட்டும் கார அயோடைடும் விட்டதும் வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த வெள்ளை ஒன்றே போதும், மீன் செத்ததற்கான காரணம் கையில் இருக்கிறது. ஆனால் சல்ஃபைடு இருந்தால் இந்த முறையும் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும். பிற்பகலில் பாசி ஆக்சிஜனை ஏற்றிவிடுவதால், பொழுது விடியும் முன் எடுத்த எண்தான் ஆற்றின் உண்மையான நிலை. குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 5 மி.கி. இருக்க வேண்டும்.

குரோமியம் பட்டை: ஏன் வேண்டாம் என்கிறோம்

சந்தையில் கிடைக்கும் பட்டையும் சொட்டு மருந்தும் டைஃபீனைல்கார்பசைடு என்ற பொருளை வைத்துச் செய்தவை. அது ஆறு இணைதிறன் குரோமியத்தோடு மட்டும்தான் சேர்ந்து ஊதாக் கலந்த இளஞ்சிவப்பு தரும். தோல் பதனிடப் பயன்படுவதோ மூன்று இணைதிறன் குரோமியம். பட்டை அதைப் பார்த்தும் பார்க்காதது போலத்தான் இருக்கும். ஆலையில் எங்காவது ஆறு இணைதிறன் உண்டானாலும், சல்ஃபைடும் புரதமும் நிறைந்த கழிவில் அது நிலைக்காது, மூன்றாகக் குறைந்துவிடும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றிய மஞ்சள் தண்ணீருக்கு இந்தப் பட்டை பொருத்தம். தோல் ஷாப்பு வாய்க்காலுக்கு இல்லை.

இதில் வரும் ஆபத்து, பணம் வீணாவதோடு நிற்பதில்லை. பட்டை வெள்ளையாக இருப்பதைப் படம் பிடித்து ‘குரோமியம் இல்லை’ என்று ஆலைத் தரப்பே காட்டலாம், அதில் பொய்யும் இருக்காது.

இன்னும் இரண்டு குறைகள். பல பட்டைகளில் முதல் நிறப்படியே குடிநீர் வரம்பான 0.05 மி.கி.யைவிடப் பல மடங்கு மேலே தொடங்குகிறது. அட்டையில் அடுத்தடுத்த எண்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மரப்பட்டைச் சாறு கலந்த பழுப்புத் தண்ணீரில் நிறமே தெரியாது. சொட்டு மருந்து வகை இதைவிட நுட்பமானது, ஆனால் அந்தக் கரைசல் பழுப்பேறிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒருவேளை இளஞ்சிவப்பு வந்துவிட்டால்? கொண்டாடும் முன் அன்றைக்குக் குளோரைடு சோதனை செய்த அதே குழாயா என்று பாருங்கள். குளோரைடு சோதனையின் மஞ்சள் நிறங்காட்டியே ஆறு இணைதிறன் குரோமியம்தான். சரியாகக் கழுவாத குழாயில் ஒட்டிய மிச்சம் போதும், ஊற்று நீரிலும் குரோமியம் தெரியும். இரண்டுக்கும் குழாய், மூடி, பை எல்லாம் தனித்தனியாக வைக்க வேண்டும்.

ஆய்வகம்

குரோமியத்தை உண்மையில் அறிய மொத்தக் குரோமியம் பார்க்க வேண்டும், அது ஆய்வக வேலை. மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் குளோரைடு, கடினத்தன்மை, ஃபுளோரைடு போன்ற வழக்கமான பட்டியலுக்குக் கட்டணம் குறைவு, முறையும் நம்பகம். பேனாவும் சொட்டும் தந்த எண்களைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துங்கள். பாசன நீருக்கு வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் போதும். சோடியம் விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். உலோகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) சான்று பெற்ற தனியார் ஆய்வகம். அங்கே போனதும் மூன்று கேள்வி: சான்றின் பட்டியலில் மொத்தக் குரோமியம் தண்ணீருக்கு இருக்கிறதா, சேற்றுக்கும் இருக்கிறதா, கருவி பிடிக்கும் குறைந்த அளவு எவ்வளவு? குறைந்த அளவே 0.05 என்கிற கருவியில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமில்லை, 0.01 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

சிஓடி (கரிமக் கழிவின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் குளோரைடே வினைப்பொருளைத் தின்று சிஓடியை ஏற்றிக் காட்டும். மெர்குரிக் சல்ஃபேட் போதுமான அளவு சேர்த்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. குளோரைடு எவ்வளவு என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி அறிக்கைகள் கெடுகின்றன. மொத்தக் குரோமியத்துக்கு ஆய்வகமே தரும் பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலத்தால் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவந்தது. இல்லையென்றால் குரோமியம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் பார்க்கும் பாட்டிலில் அமிலம் கூடாது. ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சல்ஃபைடுக்குத் துத்தநாக அசிடேட் விட்ட தனிப் பாட்டில். மருந்து விட்ட பாட்டிலை ஆற்றில் அலசக் கூடாது என்பதையும், மீன் கடை ஐஸ் உருகினால் காகித லேபிள் கரையும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாட்டில் மேலேயே அழியாத மையில் எழுதுங்கள்.

தண்ணீரைவிடச் சேறு அதிகம் பேசும். ஆற்று நீரின் பிஎச்சில் மூன்று இணைதிறன் குரோமியம் கரைந்து நிற்காது, படிந்துவிடும். இரவில் விட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். அது விட்டுச் சென்ற வண்டல் தடுப்பணை மடுவிலும் வளைவிலும் மாதக்கணக்கில் கிடக்கும். மேல் 5 செ.மீ. வண்டலைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து ஜிப் பையில் போடுங்கள். எவர்சில்வர் கரண்டி ஆகாது, அதிலேயே 18 சதவீதம் வரை குரோமியம் உண்டு. நம் பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் இருப்பதால், ஆலைக்கு மேலே எடுத்த வண்டலையும் கட்டாயம் கூடவே கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி மென்மையான வண்டலை இரண்டு இடத்திலும் எடுங்கள். ஒன்றில் மணல், மற்றொன்றில் களி என்றால் களியில் எப்போதும் உலோகம் கூடத்தான் வரும். பணம் இரண்டு மாதிரிக்கு மட்டுமே இருந்தால் அந்த இரண்டும் வண்டலாகவே இருக்கட்டும்.

எங்கே, எப்போது

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருப் பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டுதான் ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக எழும் நுரைக்குத் தோல் ஷாப்பு காரணமில்லை, அது சோப்பும் சாக்கடையும். இதனால்தான் மேல்புள்ளி எண் இல்லாத எந்த அறிக்கையும் இந்த ஆற்றில் செல்லாது. ஆலைக்கு மேலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் ஆலைக்கும் நடுவே வேறு ஓடை சேரக் கூடாது. வாய்க்கால் வாயில் ஒன்று. கீழே, தண்ணீர் முழுக்கக் கலந்த இடத்தில் ஒன்று. கலந்துவிட்டதா என்பதை இசி பேனாவாலேயே அறியலாம்: இடது கரை, நடு, வலது கரை மூன்றிலும் ஒரே அளவு வந்தால் கலந்தாயிற்று, வராவிட்டால் இன்னும் கீழே நடங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நின்று, பாட்டில் வாயை மேலோட்டம் பார்த்து, மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே எடுக்க வேண்டும்.

கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது ஊற்றுத் தோண்டி அளக்கலாம். அதில் வரும் எண் நேற்றைய கழிவையல்ல, பல மாதச் சேர்க்கையைச் சொல்லும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் எல்லாமே நீர்த்துப்போய் நல்ல எண்ணாக வரும். அன்று ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவது வீண். ஆலைகள் தொட்டியை ஒரேயடியாகத் திறந்துவிடுவதால் ஒரு நேரத்து அளவு எதையும் நிரூபிக்காது. பேனா இருப்பதன் பெரிய லாபம் இதுதான்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் எழுதி வைத்தால் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு உப்பு ஏறுகிறது என்று நோட்டில் தெரிந்துவிடும்.

அந்த நோட்டுதான் புகாருக்கும் உயிர். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரியின் முடிவுதான் ஆலைக்கு எதிரான நடவடிக்கையில் சான்றாக நிற்கும். நாம் எடுத்துத் தனியாரிடம் கொடுத்தது நிற்காது; அறிக்கையிலேயே ‘மாதிரி வாடிக்கையாளர் கொண்டுவந்தது’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆகவே ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதும்போது ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்று எழுதாமல், எந்தப் பாலத்தடியில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்தால் பிடிக்கலாம் என்று எழுதுங்கள்.

வாங்கும் வரிசை: வெப்பத் திருத்தம் உள்ள இசி பேனாவும் 1413 கரைசலும், குளோரைடு சொட்டு (ஊராட்சிப் பெட்டியில் காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும்), சல்ஃபைடு காகிதம், பிஎச் பேனா. மிஞ்சும் பணம் முழுவதும் வண்டலின் மொத்தக் குரோமியத்துக்கு. சொட்டுப் பாட்டிலில் தயாரிப்புத் தேதி இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். குளோரைடு சோதனை முடிந்த குழாயில் வெள்ளியும் ஆறு இணைதிறன் குரோமியமும் இருக்கிறது. அதை ஆற்றங்கரையில் கொட்டாமல் ஒரு பழைய கேனில் சேர்த்து மூடி, ஆய்வகத்துக்குப் போகும்போது அவர்களிடமே கொடுத்துவிடலாம்.